மாமா தேடின ஸ்பீக்கர்

எங்க மாமா, அதாவது என் அக்கா வீட்டுக்காரரு, கடை கடையா ஏறி இறங்கி ஸ்பீக்கர் தேடினதை நினைச்சா எனக்கு இன்னும் காலு வலிக்குது. பாதிக் கடைக்கு அவரோட கூடவே போனவ நான்தான். அவங்க வீட்டு மாடியில குடியிருக்கிற பாவத்துக்கு, ஞாயித்துக்கிழமை ஆனா போதும், கீழேருந்து குரல் வரும்: "ஏம்மா, கிளம்பிட்டியா?" எனக்கு என்ன வேற வேலை வெட்டியே இல்லையா? இருந்தும் செருப்பை மாட்டிக்கிட்டுப் போவேன். காரணம் அக்கா.

மாமா எலக்ட்ரீஷியன். ஒயர் இழுப்பாரு, சுவிட்ச் மாட்டுவாரு, ஃபேன் சுத்தலைன்னா ஏணி போட்டு ஏறுவாரு. பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அக்காதான் பாடுறவ. நாப்பது பேரு சேர்ந்து பாடுற ஒரு குழுவுல ரொம்ப வருஷம் இருந்தா. ரெண்டாவது வரிசை, இடது ஓரம். குழுவை நடத்தின மாஸ்டருக்கு அவகிட்ட ஒரே ஒரு குறை. பாட வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி மூக்கால சர்ருனு மூச்சை இழுப்பா. "அம்மா தாயே, பாட்டுக்கு முன்னாடி உன் மூச்சு வந்து நிக்குது"ன்னு அந்த மனுஷன் தலையில அடிச்சுக்குவாரு. இவ சரி சரின்னு தலையாட்டிட்டு மறுபடி சர்ருனு இழுப்பா.

அப்புறம் தொண்டையில ஒரு கட்டி வந்துச்சு. ஆபரேஷன் பண்ணாங்க. நல்லபடியா பிழைச்சு வந்தா, ஆனா குரல் கரகரன்னு ஆயிடுச்சு. தானாவே குழுவை விட்டு விலகிட்டா. அந்தக் குழு பாடினதுல ஒழுங்கா பதிவு பண்ணினது ஒரே ஒரு பாட்டு. மாமா அதை ஃபோன்ல வச்சிருக்காரு. அவரு போட்டாலே அக்கா கையை வீசுவா. "நிறுத்துங்க. அதுல நான் எங்க இருக்கேன்? நான் இல்லாட்டியும் அந்தப் பாட்டு அப்படியேதான் இருந்திருக்கும். கும்பலோட கும்பலா வாயசைச்சிட்டு வந்தேன், அவ்வளவுதான்."

முதல்ல கோவத்துல சொன்னா. போகப் போக அதை நம்பவே ஆரம்பிச்சுட்டா. தான் ஒரு நாளும் பாடலைங்கிற மாதிரியே பேசினப்பதான் எங்களுக்குப் பயம் வந்துச்சு.

அந்தச் சமயத்துல மாமாவுக்கு ஒரு பெரிய ஸ்பீக்கர் கடையில ஒயரிங் வேலை வந்துச்சு. கண்ணாடிக் கதவு, தரையெல்லாம் கம்பளம், ஆள் உயரத்துக்குப் பெட்டிங்க. வேலை முடிஞ்சதும் கடைக்காரரு நல்ல மனசோட, "உங்க பாட்டு ஏதாவது போட்டுக் கேளுங்க"ன்னிருக்காரு. மாமா எப்பவும் நாப்பது பேரும் உச்சத்துக்குப் போற இடத்துல இருந்துதான் போடுவாரு. அங்கேயும் அப்படித்தான் போட்டாரு. வீட்டுக்கு வந்து என்கிட்ட மெதுவா சொன்னாரு: "ஒவ்வொருத்தரும் நிக்கிற இடம் தெரியுதும்மா. இடது ஓரத்துல உங்க அக்கா இருக்கா. நான் கேட்டேன்." நிஜமாவே கேட்டாரா, ஆசையில சொன்னாரான்னு எனக்குச் சந்தேகம்தான். விலையைக் கேட்டப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வீட்டை வித்தாலும் ஒரு பெட்டிதான் வரும்.

"அவளுக்கும் அதே மாதிரி கேக்கணும், விலையும் நம்ம கைக்கு அடங்கணும்"னு மாமா ஒத்தக் கால்ல நின்னாரு. புதுசா வர்றது எல்லாத்தையும் கேட்டோம். சிலது விளக்கைப் போட்டுக்கிட்டு நெஞ்சுல தம் தம்முனு இடிச்சுது. சிலதுல நாப்பது பேரும் ஒரே டப்பாவுக்குள்ள நின்னு கத்தினாங்க. எங்க தலையைப் பார்த்தாலே கடைப் பையனுங்க, "அந்தப் பாட்டு வந்துருச்சு டோய்"னு சிரிப்பானுங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. மாமா மட்டும் அசரலை.

கடைசியில கிடைச்சது பழைய மேசை நாற்காலி விக்கிற கடையில. ரெண்டு மரப்பெட்டி, மேல ஆளுக்கொரு பூத்தொட்டி. மாமா தொட்டியை இறக்கி வச்சுட்டு, பெட்டியை விரல் முட்டியால தட்டினாரு. அசைச்சுப் பார்த்தாரு, கல்லு கனம். முன்பக்கத் துணி கிழிஞ்சு, உள்ள ஸ்பீக்கரைச் சுத்தி இருந்த ஸ்பாஞ்சு வளையம் மாவா உதிர்ந்து போயிருந்துச்சு. "அது பாடாதுங்க, தொட்டி வைக்கத்தான் ஆகும்"னாரு கடைக்காரரு. மாமா என் காதுக்குள்ள, "பெரிய வீட்டுல இருந்து வந்த பொருளு. வளையம் ஒண்ணுதான் போயிருக்கு"ன்னாரு. கேட்ட விலையைக் குடுத்தாரு. பேரம் பேச வாயைத் திறந்த என்னை முறைச்சாரு.

புது வளையம் வரவழைச்சு, பழசைச் சுரண்டி எடுத்து, பசை தடவி ஒட்டி, கண்ணும் கருத்துமா காய வச்சாரு. வேலைக்குப் போன ஒரு வீட்டுல சும்மா கிடந்த பழைய ஆம்ப்ளிஃபயரையும் கேட்டு வாங்கிட்டு வந்தாரு. எல்லாத்தையும் இணைச்சு, வழக்கமான இடத்துல இருந்து பாட்டைப் போட்டாரு.

அடக் கடவுளே! சத்தம் வருது, ஆனா ஆளுங்களைக் காணோம். குரலெல்லாம் சுவத்தோரமா ஒதுங்கிப் போயி, அடிச்சத்தமே இல்லாம சப்புனு இருந்துச்சு. மாமா மூஞ்சி விழுந்து போச்சு. "ஏமாந்துட்டேன்மா"ன்னு தரையிலேயே உக்காந்துட்டாரு. "தொட்டியையே வச்சிருக்கலாம்"னு என் வாய் சும்மா இருக்காம சொல்லிடுச்சு. சொன்னதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

அக்கா ஈரக் கையைத் துண்டுல துடைச்சுக்கிட்டே சமையலறையில இருந்து வந்தா. நிறுத்தச் சொல்லத்தான் வந்தா. ஆனா நின்னு கேட்டா. புருவத்தைச் சுருக்கினா.

"நடுவுல யாருமே இல்லையே. முதல் வரிசை எங்க போச்சு? ரெண்டு பெட்டியும் ஒண்ணுக்கொண்ணு எதிரா பாடுது. பின்னாடி என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"ரெண்டு ரெண்டு ஒயர் குடுத்திருக்கேன்."

"எதை எதுல குடுத்தீங்க?"

"எதுல குடுத்தா என்ன? பல்புக்கு எந்தப் பக்கம் குடுத்தாலும் எரியுது..." சொல்லிக்கிட்டே இருந்த மாமா சட்டுனு கையைத் தலையில வச்சுக்கிட்டாரு. ஸ்பீக்கர் பல்பு இல்லையே. ஒரு பெட்டியில சிவப்பு ஒயர் சிவப்பு முனையில இருந்துச்சு, இன்னொண்ணுல சிவப்பு ஒயர் கறுப்பு முனையில இருந்துச்சு. ஒண்ணு காத்தை முன்னாடி தள்ளுறப்போ இன்னொண்ணு பின்னாடி இழுத்துக்கிட்டு இருந்திருக்கு. வாழ்க்கை பூரா ஒயரோட கிடந்த மனுஷன்!

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பாடவே இல்லைன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ, ஒரு வரிசையைக் காணோம்னு நின்ன இடத்துலயே கண்டுபிடிச்சுட்டாளே!

மாமா ஒயரை மாத்திக் குடுத்தாரு. மறுபடி அதே உச்சத்துக்குத் தள்ளப் போனாரு. "அது எதுக்கு? முதல்ல இருந்து போடுங்க"ன்னா அக்கா.

ஒரு நொடி அமைதி. அப்புறம் இடது பெட்டியில, பாட்டுக்கு முன்னாடி, சர்ருனு ஒரு மூச்சு.

அக்கா துண்டை வாயில அழுத்திக்கிட்டா. மாமா திரும்பிப் பார்த்தாரு. நாப்பது பேரும் பாட ஆரம்பிச்சுட்டாங்க, எங்க மூணு பேருக்கும் அது காதுல ஏறவே இல்ல.

"ஐயய்யோ," அக்கா அழுதுக்கிட்டே சிரிச்சா. "மாஸ்டர் திட்டினது சரிதான். நான்தான் அது. இருந்திருக்கேன்."

"இருந்தே"ன்னாரு மாமா.

இன்னொரு தடவை போடச் சொன்னா. போட்டாரு. அப்புறம் இன்னொரு தடவை. அந்த மூணாவது தடவை எனக்கு ரெண்டு மூச்சு கேட்டுச்சு. ஒண்ணு இடது பெட்டியில இருந்து. இன்னொண்ணு எனக்குப் பக்கத்துல இருந்து.