எதிர்ப் பலகையின் ஈரம்

இதைக் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். வயதாகிவிட்டது, தனியாக இருக்கிறார், எதையாவது நினைத்துக்கொள்கிறார். என் மகளும் அதையேதான் சொன்னாள், கொஞ்சம் மரியாதையாக. சொல்லிவிட்டுப் போகட்டும். நான் முப்பத்தொரு வருடம் ஆலை வாசலில் டைம் கீப்பராக இருந்தவன். ஒருவர் எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு உள்ளே வந்தால் எட்டு ஒன்று என்றுதான் எழுதுவேன். அதற்காக என்னைத் திட்டாத ஆள் அந்த ஆலையில் இல்லை. அதே கையால்தான் இதையும் எழுதுகிறேன். மூன்று இரவு. நடந்தது நடந்தபடி.

மனைவி போய் நாலு வருடம். ஓய்வு பெற்ற பிறகு வாடகை வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. அப்போதுதான் ஒரு பழைய மரப்படகை வாங்கினேன். ஓட்டுவதற்கு இல்லை, குடியிருப்பதற்கு. படகு பழுது பார்க்கும் பட்டறையில் முட்டுக் கொடுத்துத் தரையில் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே சின்ன அறை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு படுக்கைப் பலகை, நடுவில் ஒருவர் நடக்க இடம். ஒன்பது வருடம் பூட்டிக் கிடந்த படகு அது. பூட்டு துருப்பிடித்துப் போயிருந்ததால் ரம்பத்தால் அறுத்துத்தான் திறந்தோம். வீட்டைக் காலி செய்து, சாமான்களை எல்லாம் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியோடு நான் வந்து நின்ற பிறகுதான் பட்டறைத் தச்சர் கூரையில் ஒரு இடத்தைக் காட்டினார். அவசரக்குடுக்கை என்று என் மனைவி என்னைச் சொன்னது சும்மா இல்லை.

இடது படுக்கையில் தலை வைக்கும் இடத்துக்கு நேர் மேலே, கூரைப் பலகை மக்கியிருந்தது. தச்சர் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். ஊறிய ரொட்டியில் இறங்குவது போல இறங்கியது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம். வலது படுக்கைக்கு மேலேயும் குத்திப் பார்த்தார். அங்கே கல் மாதிரி இருந்தது.

“இந்தப் பலகையை நான்தான் சார் போட்டேன். படகைப் பூட்டறதுக்கு முன்னாடி கடைசியா செஞ்ச வேலை. புத்தம் புதுப் பலகை.”

“மழைத்தண்ணி இறங்கியிருக்குமோ?”

மேல்தளத்தில் ஹோஸ் பைப்பை வைத்து ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டார். உள்ளே ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

“அப்ப இது மூச்சு சார். உப்புத்தண்ணி மரத்தை ஒண்ணும் செய்யாது. மூச்சுல வர்ற ஈரம்தான் தின்னும். மூடின இடத்துல ஒருத்தர் வருஷக்கணக்கா படுத்தாதான் இப்படி மக்கும்.”

“பூட்டின படகுல யாருங்க படுத்தது?”

“அதானே!” என்று சிரித்தார்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பலகையை மாற்றினால், புதியதும் வீணாகும் என்றார். புது ஈரம் வராவிட்டால் பழுது பார்க்கலாம். வந்தால் உடைக்கப் போட்டுவிடுவதுதான் நல்லது. கூரை முழுக்கச் சாக்பீஸ் தூளைப் பூசிவிட்டார். ஈரம் கோக்கும் இடத்தில் வெள்ளை கரைந்து மரம் தெரியுமாம். மூன்று இரவு உள்ளேயே படுத்துப் பார்க்கச் சொன்னார். தினமும் காலையில் துடைத்துவிட்டு, மறுபடி பூச வேண்டியது என் வேலை. பட்டறைக்காரருக்கு இடம் வேண்டும். திங்கட்கிழமை ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். உடைத்தால் எனக்குப் போக ஒரே இடம் மகள் வீடு.

“ஹால்ல ஒரு கட்டில் போட்டுடறேன்பா. வந்துடுங்க,” என்றாள் போனில்.

“பார்க்கலாம்மா.”

ஹாலில் கட்டில் என்றால், அவர்கள் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போகும்வரை நான் உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, முதல் இரவு. பட்டறையில் ஆறு மணிக்கு மேல் யாரும் இருப்பதில்லை. நல்ல குளிர். கதவை உள்ளே தாழிட்டு, 9.40க்கு வலது பக்கம் படுத்தேன். காலை 6.05க்கு எழுந்து டார்ச் அடித்தேன். என் தலைக்கு மேல் சாக்பீஸ் ஒரு வட்டமாகக் கரைந்திருந்தது. என் மூச்சு. சரி. டார்ச்சை எதிர்ப் பக்கம் திருப்பினேன்.

அங்கேயும் ஒரு வட்டம். நடுவில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து வட்ட ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. என் பக்கத்துக் கண்ணாடி சுத்தமாக இருந்தது.

காற்று அப்படிச் சுற்றுகிறது போலும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தச்சரிடம் சொல்லவில்லை. எனக்குப் படகு வேண்டும்.

சனிக்கிழமை. இரவு 2.17க்கு விழிப்பு வந்தது.

ஸ்ஸ்ஸ்...

நீளமாக, மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை... மறுபடியும் ஸ்ஸ்ஸ்...

இழுப்பது மட்டும்தான் கேட்டது. விடுவது கேட்கவில்லை.

என் மனைவியோ என்று நினைக்காதீர்கள். அவள் குறட்டைக்கு அலமாரியில் பாத்திரம் அதிரும். இது வேறு யாரோ.

டார்ச் அடித்தேன். எதிர்ப் படுக்கை காலி. மெத்தைகூட இல்லாத வெறும் பலகை. ஆனால் அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் ஆவி படர்ந்தது... மெல்ல மறைந்தது... படர்ந்தது... மறைந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். எனக்கு வேறென்ன செய்யத் தெரியும்? நிமிடத்துக்குப் பதினான்கு.

என் மூச்சை எண்ணினேன்.

அதுவும் பதினான்கு.

மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணாடியிலும் நின்றது.

பத்து நொடி... இருபது... முப்பது...

விட்டேன்.

ஒரே வீச்சில் அந்தக் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது.

தாழ்ப்பாள் கைக்கு அகப்படவே இல்லை. 2.31க்கு ஏணியில் இறங்கினேன். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு தொட்டியின் மேல் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஏன் மறுபடி உள்ளே போனாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஞாயிறு மாலை மகளுக்குப் போன் செய்தேன். “பசங்களோட வெளியில இருக்கோம்பா, அப்புறம் பேசறேன்,” என்று வைத்துவிட்டாள். அந்த அப்புறம் வரவே இல்லை. எட்டு மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்வரை நடந்தேன். திரும்பி வந்துவிட்டேன். இன்னொன்றும் உண்டு, எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நாலு வருடமாக நான் தூங்கும் அறையில் இன்னொரு மூச்சுச் சத்தம் கேட்டதே இல்லை. குலை நடுங்கியபோதும் அந்த நினைப்பு ஒரு ஓரத்தில் இருந்தது.

10.05க்குப் படுத்தேன்.

11.48. ஸ்ஸ்ஸ்...

ஓடவில்லை. இருட்டைப் பார்த்துப் பேசினேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“யாரா இருந்தாலும் சரி... நீயும் இரு. நானும் இருக்கேன். எனக்கும் யாரும் இல்லை.”

சத்தம் நின்றது.

12.20... 1.00... ஒன்றுமில்லை.

பிறகு எப்போதோ தூங்கிவிட்டேன். இந்த மூன்று நாளில் நான் குறிக்காமல் விட்ட நேரம் அது ஒன்றுதான்.

கண் விழித்தபோது மணி 7.20. அப்படியொரு தூக்கம் தூங்கி எத்தனை வருடமாயிற்று! பலகையின் ஓரத்தில், ஒரு கை கீழே தொங்க, இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் விழுந்துவிடுவது போலக் கிடந்தேன். மனைவி இருந்தவரை தினமும் இப்படித்தான் கட்டிலின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு எழுந்திருப்பேன். பழக்கதோஷம் என்று சிரித்துக்கொண்டேன். எதிர்ப் பக்கம் பார்த்தேன். ஞாயிறு காலை நான் பூசிய சாக்பீஸ் அப்படியே இருந்தது. கண்ணாடியிலும் ஆவி இல்லை. போய்விட்டது! உடனே தச்சரைப் போனில் கூப்பிட்டேன். “பழுது பார்த்துடலாம், வாங்க!” என்று சின்னப் பையன் மாதிரி கத்தினேன். என் பக்கத்துக் கூரையை நான் பார்க்கவில்லை. என் மூச்சு, என் ஈரம். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

8.15க்குத் தச்சர் வந்தார். இடது பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

“புது ஈரம் இல்லை சார். இதை மாத்திட்டா போதும். படகு பிழைச்சுது.”

எனக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது. அவர் என் படுக்கைப் பக்கம் திரும்பினார். அப்படியே நின்றுவிட்டார்.

“நேத்து யாராவது வந்து தங்கினாங்களா சார்?”

“இல்லையே.”

மேலே காட்டினார்.

என் தலைக்கு மேல் இரண்டு வட்டங்கள்.

பக்கத்தில் பக்கத்தில். ஒன்று படுக்கையின் விளிம்புக்கு மேலே. இன்னொன்று உள்ளே தள்ளி, படகின் சுவரை ஒட்டி.

உள்பக்கத்து வட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். லேசாகத்தான் அழுத்தினார். பிடிவரை இறங்கியது.

“வெள்ளிக்கிழமை கல்லு மாதிரி இருந்த பலகை சார் இது... ஓரத்துல நீங்க படுத்திருக்கீங்க. உள்பக்கம் யாரு?”

அப்போது மணி 8.22. “உடைச்சிடுங்க” என்று நான் சொன்னது 9.10க்கு.

இப்போது மகள் வீட்டு ஹாலில்தான் இருக்கிறேன். நடுவில் அந்த நாற்பத்தெட்டு நிமிடம் என்னப்பா செய்தீர்கள் என்று ஒருநாள் கேட்டாள். பயத்தில் பேச்சே வரவில்லை என்றேன். பொய். வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.