கடலுக்குக் கொடுத்த மீசை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். கடல் உயிரியலில் எம்.எஸ்ஸி. வரை போய்விட்டேன். அதனால் மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ்ச் சந்தில் யார் அகப்பட்டாலும் ஒரு வகுப்பெடுக்காமல் விடமாட்டேன். தொலைந்துபோன நைலான் வலைகள் கடலடிப் பாறைகளில் சிக்கிக்கொண்டு, இழுக்க ஆளில்லாமலே வருஷக்கணக்கில் மீனையும் நண்டையும் கொல்கின்றன என்பேன். அந்த வலைகளை முங்கிப் போய் அறுத்தெடுக்கும் குழுவில் இடம் கிடைத்தபோது, கடலே எனக்காகத்தான் காத்திருந்தது போல நடந்தேன். ஸ்கூபா பயிற்சியில் தேறுவது மட்டும்தான் பாக்கி.

தேற விடாதது என் மீசை.

முகமூடியின் விளிம்பு மேலுதட்டுத் தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் புகாது. எனக்கு மீசை வழியாகப் புகுந்தது. எர்ணாகுளத்து நீச்சல் குளத்தில் மற்றவர்கள் மீன் மாதிரிப் போய்க்கொண்டிருக்க, நான் அடியில் மண்டியிட்டு, மூக்கால் ஊதி ஊதித் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்தேன். மீசையில் வாசலின் தடவிப் பார்த்தேன். தண்ணீர் அப்போதும் வந்தது. கூடவே கண்ணாடி பிசுபிசுத்து, குளமே பழம்பொரி சுட்ட எண்ணெய் போலத் தெரிந்தது.

பயிற்சி தந்த சேச்சிக்குப் பொறுமை தீர்ந்தது. "மோனே, மீசை வேணோ, மீன் வேணோ? ஞாயித்துக்கிழமை கடல்ல டெஸ்ட். அங்கயும் இப்படின்னா உன் இடம் அடுத்த ஆளுக்கு."

அவருக்கு அது எளிய கேள்வி. எங்கள் சந்தில் அப்பா செத்தால்தான் மகன் மீசையை எடுப்பான். என் அப்பாவோ கொச்சங்காடிக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டு நன்றாகவே இருந்தார்.

"வலையை எடுக்க நீ எதுக்குடா மீசையை எடுக்கணும்?" என்றார்.

எல்லாம் விளக்கினேன். தாளில் படம்கூட வரைந்தேன்.

"நான் உயிரோடதான இருக்கேன்?"

"இருக்கீங்கப்பா."

"அப்புறம்?"

படத்தை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன். சனிக்கிழமை காலை அப்பா சாயாவை ஆற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "போய் எடுத்துத் தொலை" என்றார்.

சுள்ளிக்கல் சலூனில் கத்தியை வைக்குமுன் முடிவெட்டும் அண்ணன் என் தோளைத் தொட்டார். "எப்ப ஆச்சு?"

"இன்னும் ஆகல. நாளைக்குத்தான்" என்றேன், டெஸ்ட் நினைப்பில். அவர் மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சிரைத்தார்.

சந்துக்குள் நுழைந்ததும் பக்கத்து வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்துக் குடத்தைக் கீழே போட்டார். "ஐயோ, மகராசன் போயிட்டாரே!"

அந்த ஓலத்தில் அப்பா புட்டு ஒட்டிய கையோடு வெளியே ஓடிவந்தார். "யாரும்மா போயிட்டா?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதாண்ணே."

தங்கச்சி வாசலில் நின்று சிரித்தாள். "தோலுரிச்ச இறால் மாதிரி இருக்கே."

அன்று முழுக்க அப்பா என்னைத் தனியே விடவில்லை. பால் வாங்கப் போனாலும் கூடவே வந்தார். எதிரே வரும் தமிழ் முகத்துக்கெல்லாம் முந்திக்கொண்டு கையை உயர்த்தி, "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்றார். மறுநாள் படகுத்துறைக்கும் வந்தார். அங்கே எல்லாரும் மலையாளிகள். யாரும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கடலடியில் கை நீட்டினால் விரல் தெரிந்தது. அதற்கப்பால் வெறும் கலங்கல். ஆனால் முகமூடிக்குள் ஒரு சொட்டு வரவில்லை. பாறையைச் சுற்றிப் பச்சை வலை. அதற்குள் ஒரு நண்டு, கால்கள் பாதி போய், மிச்சமிருந்த கொடுக்கை அசைத்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்த விஷயத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். சேச்சி இழைகளை அறுக்க, நான் நண்டைப் பிடித்துக்கொண்டேன். விடுபட்டதும் அது என் கையுறையைக் கவ்விவிட்டுப் போனது.

டெஸ்டில் தேறினேன். வீட்டில் சொன்னதும் அப்பா கேட்டது ஒன்றுதான்.

"அந்த மாதிரி வலை இன்னும் எவ்வளவு கிடக்கு?"

"நிறைய இருக்குப்பா."

என் மேலுதட்டைப் பார்த்தார்.

"அப்ப வளர்க்காத. நான் இருக்கேன்ல."