பெற்றோர் வீட்டில் பாதுகாப்பாக

மனு எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. கள்ளக்குறிச்சியில் ஒரு பெண்கள் சங்கத்தில் இருபது வருடம் இருந்து சம்பாதித்த பேர். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு மனு வேண்டும் என்று ஞாயிறே பெண்கள் வந்துவிடுவார்கள். அவர்கள் அழுது முடிக்கிறவரை கேட்டுவிட்டு, அந்த அழுகையை ஒரு பக்கத்துக்குள் அடக்கிக் கொடுப்பேன். ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது, ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். இந்த இரண்டும் நானே போட்ட சட்டம். கடைசி வரி எனக்கு மனப்பாடம். அடிக்கிற புருஷனை விட்டு வந்தவள் யாராக இருந்தாலும், "நான் என் பெற்றோர் வீட்டில் பாதுகாப்பாக வாழ வழிவகை செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிப்பேன்.

அந்த வரியால் பிழைத்த பெண்கள் பலர் இருக்கிறார்கள். அதே வரியால் ஒருத்தியின் ஏழு மாதத்தை நான் பாழாக்கினேன். அதை எழுத வேண்டும் என்று இதற்கு முன் மூன்று தடவை உட்கார்ந்து, மூன்று தடவையும் வேறு வேலை இருப்பதாக எழுந்து போய்விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்கள் வந்தார்கள். பெரியவள் திருக்கோவிலூரில் தையல் கடை வைத்திருந்தாள். இளையவளுக்கு இருபத்து நாலு வயது, மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு போடும் குடும்பம். படிப்பு முடித்து ஒரு கடையில் கணக்கு வேலைக்குப் போய்க்கொண்டு, இரண்டு வருடமாகப் பெரியவளோடு ஒரே வீட்டில் வாழ்ந்து வந்தாள். தோழிகளாக அல்ல, துணையாக. வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று வரவழைத்து, போனைப் பிடுங்கிக்கொண்டு, பத்தாவது நாள் தாய்மாமனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். "ஒரு கொழந்த பொறந்தா எல்லாம் சரியாப்பூடும்" என்று சொல்லித்தான் அறைக்குள் அனுப்பினார்களாம். இருபத்தேழாவது நாள் தப்பிப் பெரியவளிடம் வந்துவிட்டாள். அங்கே அந்த இருபத்தாறு நாள் நடந்ததை அவள் என்னிடம் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை. கல்யாணத்துக்குள் நடந்தால் அதற்கு நம் சட்டம் வேறு பேர் வைத்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

"அவன் செஞ்சதுக்குக் கேஸு போடணுங்கா. அப்புறம் நான் இவகூடத்தான் இருப்பேன். எங்க அப்பா வூட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க" என்றாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வேன்.

அந்த வாரம் எங்களுக்கு வேறொரு பெரிய வேலை இருந்தது. கல்வராயன் மலையில், வேலைக்கு ஆள் கூட்டிப்போகும் ஒரு மேஸ்திரி ஒரு பெண்ணிடம் அக்கிரமம் செய்துவிட்டான். அவன் பின்னால் கட்சிக்காரர்கள் இருந்தார்கள். வழக்குப் பதிய வைப்பதற்கே படாதபாடு பட்டு, அடுத்த வாரம் ஆர்ப்பாட்டம் என்று அறிவித்திருந்தோம். எதிர்த் தரப்பு சும்மா இருக்கவில்லை. நாங்கள் குடும்பத்தைக் கெடுக்கிற கூட்டம் என்று நோட்டீஸ் அடித்து, வடக்கனந்தல் வரைக்கும் டீக்கடை டீக்கடையாக ஒட்டியிருந்தார்கள்.

அன்று மாலை கமிட்டி கூடியது. எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற டீச்சர், எழுபது வயதுக்காரர். அவர் தடுத்தார், நான் துணிந்து நின்றேன் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். நடந்தது நேர் எதிர்.

"இப்ப இது வெளிய வந்தா அவ்ளோதான் டீச்சர். நோட்டீஸ்ல போட்டது நெசந்தான்னுவானுங்க. மலைக்காரப் பொம்பளைங்க இந்த மாதிரி விஷயத்தக் கேட்டாங்கன்னா ஒருத்திகூட வேன்ல ஏறமாட்டா" என்று சொன்னது நான்.

"அப்ப அந்தப் பொண்ணுக்கு இன்னா பதில் சொல்றது?" என்று டீச்சர் கேட்டார்.

"புருஷன் கொடுமைன்னு மட்டும் எழுதிக்கலாம். மத்தது பின்னால பாத்துக்கலாம்" என்றேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

மறுநாள் காலை மனுவை எழுதினேன். ஒரு பக்கம். பெரியவளை அதில் "தோழி" ஆக்கினேன். "தற்காலிகமாகத் தங்கியுள்ளேன்" என்று சேர்த்தேன். கடைசியில் அந்த வரி. பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். பேனாவை ஒரு நிமிடம் நிறுத்தினேன். எங்கே போய் வாழப்போகிறாள் என்று எழுதாவிட்டால் அதிகாரி கேட்பார், கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். அதனால் எழுதினேன். எப்படியும் பத்தோடு பதினொன்றாகக் கிடக்கப்போகிற மனுதானே என்றும் நினைத்தேன்.

பெரியவள் ஒருமுறை படித்துப்பார்க்கக் கேட்டாள். "டோக்கன் குடுக்க ஆரம்பிச்சிட்டாங்க, நேரமில்ல" என்றேன். இளையவள், "அக்காதான எழுதியிருக்காங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த மனு மட்டும் கிடப்பில் போகவில்லை. நாலே நாளில் காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எந்த நிலையம் என்பது தேவையில்லை, அவர்கள் மேல் எனக்குக் குறையும் இல்லை. போனால் அவளுடைய அப்பா வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். ஆய்வாளர் மனுவை எடுத்துக் கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார்.

"உங்க பொண்ணு உங்க வூட்லதான் இருக்கணும்னு கேக்குது. மாப்பிள்ளைய அந்தப் பக்கமே விடக்கூடாது, எழுதிக் குடுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். நல்ல மனுஷர்தான். மனுவில் உள்ளதை அப்படியே நிறைவேற்றிக்கொண்டிருந்தார்.

"சார், அது அவ சொன்னது இல்ல சார்" என்றாள் பெரியவள்.

"நீ யாரும்மா?"

பெரியவள் என்னைப் பார்த்தாள். அவள் சொன்னால் எடுபடாது, நான் சொன்னால் எடுபடும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"ஃப்ரண்டு சார்" என்றேன்.

இளையவள் கத்தவில்லை. அப்பா கையைப் பிடித்தபோது திரும்பி, "நான் சொன்னனேக்கா" என்றாள். அவ்வளவுதான். அவர்கள் வந்த காரிலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆர்ப்பாட்டம் பிரமாதமாக நடந்தது. நாலு வேன் நிறைய மலையிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். என் உடம்பு மேல் எனக்குத்தான் உரிமை என்று நான் மைக்கில் முழங்க, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு முழங்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மலைக்கார அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வழக்குக்காக வந்து, அந்த இரண்டு பெண்களோடு அரை நாள் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்.

"அந்த ரெண்டு பொண்ணுங்களும் வரலியா?" என்றார்.

சின்னவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றேன்.

"ஏன்? அதுங்க ரெண்டும் ஒண்ணாதான குடும்பம் பண்ணுதுங்க?"

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"இதுக்கு ஒருத்தர் வந்து சொல்லணுமாம்மா? பாத்தா தெரியாதா?" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறப் போனார். நான் யார் தலையில் என் பயத்தைக் கட்டினேனோ அவர்களுக்கு அந்தப் பயமே இல்லை. எனக்குத்தான் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, அதை மலையில் இருக்கிறவர்கள் மேல் ஏற்றிவிட்டிருந்தேன்.

பெரியவள் கடையை மூடிவிட்டுச் சென்னைக்கு அலைந்தாள். இளையவளை ஏழு மாதம் மூன்று இடம் மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். அவளை ஆஜர்படுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டபோது, அப்பா தரப்பு காட்டிய பெரிய ஆதாரம் என்னுடைய அந்த ஒரு பக்கம். அவளே கேட்டுத்தான் வந்தாள், இதோ கையெழுத்து. பெரியவளின் வக்கீல் எனக்குப் போன் செய்தார். அந்த வரி என்னுடையது, அவள் விருப்பம் அல்ல என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் போதும் என்றார்.

"இன்னிக்கே குடுத்துடு" என்றார் டீச்சர்.

நான் கொடுக்கவில்லை. கொடுக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒன்றைப் பொய்யாக எழுதினேன் என்று ஒப்புக்கொண்டால் இருபது வருடம் எழுதியதையெல்லாம் சந்தேகப்படுவார்களே, மேஸ்திரி வழக்கும் உடைந்துவிடுமே என்று நாளைக் கடத்தினேன். காரணம் கண்டுபிடிப்பதில் நான் எப்போதுமே கெட்டிக்காரி. வாய்தா நாளன்று பத்திரம் என் பையிலேயே கையெழுத்தில்லாமல் இருந்தது. நீதிபதிகள் காகிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அவளையே கேட்டார்களாம். அவள் சொன்னாள். பெரியவளோடு அனுப்பிவிட்டார்கள். டீச்சர் இதைச் சொன்னபோது என்னால் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

சில மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் அவர்கள் இருவரையும் பார்த்தேன். ஒதுங்கிப் போய்விடலாம் என்று தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அதற்குள் இளையவள் பார்த்துவிட்டாள். இளைத்திருந்தாள். பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள், என் பக்கம் திரும்பவில்லை.

"அவன் மேல குடுக்க வந்தங்கா. நானே எழுதிட்டன்" என்றாள். அவள் கையில் நாலு பக்கம் இருந்தது. பழக்கதோஷம், கையை நீட்டினேன். அவள் மனுவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க படிக்க வேணாங்கா. கூட வந்து நில்லுங்க, போதும்."

போய் வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். முறை வந்தது. எழுத்தர் நாலு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். ஒரு நிமிடம் நிறுத்தி நிதானமாகவே படித்தார்.

"இவங்க யாரும்மா உனுக்கு?" என்று பெரியவளைக் காட்டிக் கேட்டார்.

"நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா வாழறங்க" என்றாள் இளையவள்.

எழுத்தர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப போன் நம்பர் ரெண்டு பேர்துமே எழுதிடும்மா. யாருனா ஒருத்தர் எடுக்கணும் இல்ல" என்றார். அவள் எழுதினாள். அவர் முத்திரை குத்தி ரசீதைக் கொடுத்துவிட்டு, அடுத்து யார் என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.