அண்ணன் பேசுவதற்கு வேண்டிய சாமான்கள்

எங்கள் வீட்டு லேண்ட்லைன் மழை பெய்தால்தான் அடிக்கும். வெயில் நாட்களில் வாரக்கணக்கில் செத்துக் கிடக்கும். எங்கள் தீவின் மரைன் ஹில் மேல் முதல் மழை இறங்கினால் போதும், ட்ரிங், ட்ரிங். இரண்டே தடவை. சில நாள் மூன்று. அடுப்பில் எது கொதித்துக்கொண்டிருந்தாலும் போட்டுவிட்டு அம்மா ஓடி வருவாள். எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். கொரகொரவென்று ஓர் இரைச்சல், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு அது போதும்.

"சாப்ட்டியாப்பா?" என்பாள் அந்த இரைச்சலிடம். "இங்கயும் மழதான். உன் தங்கச்சி காலேஜ் முடிச்சிட்டா. வாய் மட்டும் கொறையல. உனக்கு ஒடம்பு பரவால்லயா?" கொஞ்ச நேரம் காதில் வைத்தபடியே நிற்பாள். பிறகு, "சரி, வையி. நனையாத" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்புவாள்.

அந்தப் பக்கம் இருப்பது என் அண்ணன். இது அம்மாவின் தீர்ப்பு, அப்பீலே கிடையாது.

ஏழு வருடத்துக்கு முன்னால் அண்ணன் ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட் வேலையை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டு வந்தான். அப்பா படகுத் துறைக்கே போய், படகிலிருந்து இறங்கியவனை டூரிஸ்ட்டுகள் பார்க்கச் செருப்பைக் கழற்றி அடித்தார். மூன்றாம் நாள் அவன் சென்னைக் கப்பலில் ஏறிவிட்டான். அதன் பிறகு அவன் மொபைல் ஸ்விட்ச் ஆஃப். அப்போது நான் ஸ்கூல், என்னிடம் போன் இல்லை. அம்மாவிடமும் இல்லை. வீட்டில் இருந்த ஒரே மொபைல் அப்பாவுடையது, அதற்கு அவன் செத்தாலும் கூப்பிட மாட்டான். ஆக, அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த, கூப்பிடக்கூடிய ஒரே நம்பர் அந்த லேண்ட்லைன்தான்.

"அது ஏம்மா மழைக்கு மட்டும் கூப்புடுறான்?" என்று கேட்டேன் ஒரு தடவை.

"மழ வந்தா அவனுக்கு வீட்டு நெனப்பு வருதுடி. சின்னதுல மழைன்னா ஸ்கூலுக்கே போக மாட்டான். அடுப்புப் பக்கத்துல எங்கூடயே ஒக்காந்துருப்பான்."

"இங்க பெய்யிற அதே நேரத்துல மெயின்லேண்ட்லயும் பெய்யுமா?"

"நீ ரொம்பப் படிச்சவ. போடி."

கிண்டல் அடித்தேனே தவிர, நானும் நம்பினேன். ஒருநாள் அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். "டேய் லூசு, பேசித் தொலைடா" என்றேன். கொரகொர. வைத்துவிட்டேன்.

போன வருடம் டெலிபோன் ஆபீஸிலிருந்து தகவல் வந்தது. பழைய செம்புக் கம்பி லைன்களை எல்லாம் எடுக்கிறார்கள். இன்டர்நெட் வழியாக வரும் போனுக்கு மாறினால் அதே நம்பர் கிடைக்கும். மாறாவிட்டால் நம்பர் போய்விடும். நெட், வைஃபை எதையும் சட்டை பண்ணாத அம்மா அன்றே புடவை மாற்றிக்கொண்டு என்னோடு கிளம்பினாள். கவுன்ட்டரில் இருந்த ஆளிடம் மூன்று தடவை கேட்டாள்: "அதே நம்பர்தானே?"

"ஹாங் ஆன்ட்டி, சேம் நம்பர். டென்ஷன் மத் லோ" என்று இந்தியில் தைரியம் சொன்னான் அவன், மூன்று தடவையும்.

முன்பெல்லாம் போன் என்றால் ஒரு போன், ஒரு ஒயர். இப்போது சுவரில் ஃபைபர் வந்து முடிகிற ஒரு வெள்ளை டப்பா, அதன் பக்கத்தில் ரௌட்டர். ரௌட்டரிலிருந்து ஒரு நீல லேன் கேபிள் கிளம்பி, சோப்பு டப்பா அளவில் இருக்கும் ஓர் அடாப்டருக்குப் போகும். நெட்டில் வருவதைப் போன் சத்தமாக மாற்றுவது அந்த அடாப்டர்தான். அதிலிருந்து போனுக்கு இன்னொரு மெல்லிய ஒயர். எல்லாவற்றுக்கும் தனித்தனி சார்ஜர், எல்லா சார்ஜருக்கும் சேர்த்து ஓர் எக்ஸ்டென்ஷன் போர்டு.

"ஒரு போனு இத்தன குட்டி போட்டுருக்கு" என்றாள் அம்மா.

ஃபைபர் இழுத்தவர் டப்பாவை மாட்டிவிட்டு, "அடாப்டர நீயே மாட்டிக்க பாப்பா, படிச்ச புள்ளதானே" என்று கிளம்பிவிட்டார். படிச்ச புள்ள மாட்டினேன். டயல் டோன் வரவில்லை. இரண்டு நாள் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, எனக்குத் தெரிந்த எல்லா இந்திக் கெட்ட வார்த்தையையும் மரியாதையாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால், அதில் இரண்டு ஓட்டை. பெரியது லேன் கேபிளுக்கு, சின்னது போனுக்கு. போன் ஒயரின் முனை சின்னது என்பதால் பெரிய ஓட்டையிலும் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் அதில்தான் செருகியிருந்தேன். நீலக் கேபிள் ரௌட்டரில் ஒரு முனையோடு தரையில் தொங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் டிகிரி வாங்கியவள் நான்.

"அந்த ரெண்டு நாளும் மழ" என்றாள் அம்மா. திட்டியிருந்தால் தேவலை.

பழைய போனுக்குப் பதிலாக, யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டும் போன் ஒன்று அபர்டீன் பஜாரில் வாங்கி வந்தேன். என் திட்டம் சிம்பிள். அடுத்த மழைக்கு அவன் கூப்பிடுவான், நம்பர் விழும், ஆளைத் தூக்கிவிடலாம்.

"தூக்கிட்டு வந்து என்ன பண்ணுவ? இங்க உங்கப்பா இருக்காரு" என்றாள் அம்மா, அவர் காதில் விழும்படியே.

அப்பா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் நான் டெஸ்ட் பண்ண என் மொபைலிலிருந்து கூப்பிட்டு, புது போன் முதல் தடவை அடித்தபோது, டி.வி. சத்தம் சட்டென்று நின்றது. ரிமோட் அவர் கையில்தான் இருந்தது.

அம்மா எடுத்தாள். "அலோ?"

"நாந்தாம்மா."

"பக்கத்துல நிக்கிற மாதிரி கேக்குது."

"பக்கத்துலதானே நிக்கிறேன்."

"எரச்சலே இல்லையேடி" என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே நல்ல மழை. மழை என்றால் எங்கள் ஊரில் கரண்ட் கட். ரௌட்டர், அடாப்டர், எல்லா லைட்டும் அணைந்து போன் பிணமாகிவிட்டது.

"பழய போனு கரண்ட் இல்லாமலே அடிக்குமே?"

"அதுல எக்ஸ்சேஞ்சுலேருந்தே கம்பி வழியா கொஞ்சம் கரண்ட் வரும்மா. இது கண்ணாடி நார். வெளிச்சம் மட்டும்தான் வரும்."

"கண்ணாடிக்குள்ள அவன் எப்பிடிப் பேசுவான்?" என்று மலைத்துப் போனாள்.

அதற்கு ஒரு குட்டி யு.பி.எஸ். வேண்டும். ஆன்லைனில் எந்தக் கடையில் போட்டாலும் 'உங்கள் பின்கோடுக்கு டெலிவரி இல்லை'. பஜாரில் கிடைத்ததில் கரண்ட் வெளியே வரும் பின் ஒன்றே ஒன்றுதான், ரௌட்டர் ஓடியது, அடாப்டர் ஓடவில்லை. கடைசியில் சென்னையிலிருந்து வந்த ஒரு ஃப்ரெண்ட் இரண்டு பின் உள்ளதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். மாட்டினேன். வேண்டுமென்றே மெயின் ஸ்விட்சை அணைத்துக் காட்டினேன். வீடு இருட்டிப்போனது, அடாப்டரில் பச்சை லைட் மட்டும் எரிந்தது. அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

இனி எல்லாம் சரி. மழை பெய்தது. ஜூன் முழுக்கப் பெய்தது, ஜூலையிலும் விடவில்லை. போன் அடிக்கவில்லை.

சத்தம் பத்தவில்லையோ என்றாள் அம்மா, கூட்டி வைத்தேன். மெயின்லேண்டிலிருந்து கூப்பிட்டால் வராதோ என்றாள், மதுரையில் படிக்கும் ஃப்ரெண்டைக் கூப்பிடச் சொன்னேன், கணீரென்று வந்தது. தினமும் ஆபீஸிலிருந்து நானே ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். போனில் 'வந்த அழைப்புகள்' லிஸ்ட்டை அமுக்கினால் என் நம்பர், என் நம்பர், என் நம்பர், நடுவில் ஒரு மதுரை. ஒவ்வொரு சாமானாக வாங்கி ஒவ்வொரு சந்தேகத்தையும் தீர்த்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அப்போது தெரியவில்லை.

ஆகஸ்டில் லைன்மேன் ஒருவர் பழைய கம்பியை அறுத்து எடுக்க வந்தார். கச்சால் தீவிலிருந்து வந்த தமிழ் ஆள், ஐம்பது வயது இருக்கும். தூறலில் ஏணி மேல் நின்று வெட்டினார். நான் கீழே குடை பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஜாயின்ட் பூரா பானி, தங்கச்சி" என்று அழுகிய கம்பி முனையைக் காட்டினார். "மழை வந்தா ஒங்க போன் தன்னால அடிச்சிருக்கணுமே?"

"தன்னாலயா?"

"தண்ணி எறங்குனா ஒரு கம்பி இன்னொரு கம்பியோட ஒட்டிக்கும். பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தா ஒங்க வீட்லயும் ரெண்டு ரிங் கேக்கும். எடுத்தா கொரகொரன்னுதான் இருக்கும். இந்த லைன்ல நாலு வீட்ல அப்பிடித்தான். மத்தவங்க எல்லாம் கம்ப்ளைன்ட் போட்டாங்க. நீங்க மட்டும் போடவே இல்லையே, க்யோன், ஏன்?"

"எங்களுக்குப் பிரச்சினை இல்லைண்ணே" என்றேன். கம்பியைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று முடிவு பண்ணினேன். என் முடிவெல்லாம் எத்தனை நாள் தாங்கும்? பத்து நாள் தாங்கியது. அதற்குள் அம்மா புதுசாக ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"பழய லைனயே திருப்பிக் குடுக்கச் சொல்லு. இந்த மிஷினு அவன உள்ள விடல."

"மிஷின் எல்லாரையும் விடும்மா. அவன் கூப்புட்டாத்தானே!"

"கூப்புட்டுக்கிட்டுதானடி இருந்தான்."

"கூப்புடல! ஒருநாள்கூடக் கூப்புடல! கம்பியில தண்ணி! பக்கத்து வீட்டுக்கு வந்த ரிங் நம்ம வீட்ல அடிச்சிருக்கு, லைன்மேனே சொன்னாரு. ஏழு வருசமா மழதான் போன் பண்ணிருக்கு, போதுமா?"

சொல்லி முடிக்கும்போதே என் நாக்கைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. நான்கைந்து காம்பு கிள்ளிய பிறகு கேட்டாள்:

"அப்ப நான் யாரடி சாப்ட்டியான்னு கேட்டேன்?"

அப்பா எழுந்து டி.வி.யை அணைத்துவிட்டு வெளியே போனார். செருப்புப் போடாமல் போனார்.

அடுத்த மழைக்கு நான் ஒரு வேலை பார்த்தேன், சொல்லவே கேவலமாக இருக்கிறது. பஜாரில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒதுங்கி நின்று, கூட வேலை பார்க்கிறவளின் மொபைலை வாங்கி வீட்டுக்கு அடித்தேன். தெரியாத நம்பர். பேச மாட்டேன், ஒரு நிமிஷம் சும்மா இருப்பேன், அம்மா பேசிக்கொள்ளட்டும்.

முதல் ரிங்கிலேயே எடுத்தாள். "அலோ?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மழை தகரத்தில் கொட்டியது. சாப்ட்டியா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"அலோ... யாரு?" எனக்குப் பின்னால் டவுன் பஸ் கண்டக்டர் கத்தினான்: "காராச்சர்மா, காராச்சர்மா, ஜல்தி, ஜல்தி!"

"கொட எடுத்துட்டுப் போனியாடி?" என்றாள் அம்மா.

நான் கட் பண்ணிவிட்டேன். அந்த லைன் அவ்வளவு சுத்தம். அதை அப்படி ஆக்கியது நான்தான்.

வீட்டுக்குப் போனதும் அம்மா துண்டை மட்டும் தூக்கிப் போட்டாள்.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, மழைக்கு நடுவே வீட்டில் உட்கார்ந்து எதையோ டவுன்லோட் பண்ணிக்கொண்டிருந்தேன். நெட் போனது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, கரண்ட் இருந்தது. போய்ப் பார்த்தால் ரௌட்டர், அடாப்டர், எல்லா லைட்டும் அணைந்திருந்தன. யு.பி.எஸ். ஸ்விட்ச் ஆஃப்.

"யாரு ஆஃப் பண்ணது?"

"நாந்தான். இடி இடிக்குது. சாமான் கெட்டுப் போயிரும்."

இடியெல்லாம் இல்லை. வெறும் மழை. கையை ஸ்விட்சிடம் கொண்டுபோனேன்.

"விடுடி" என்றாள். "மழ நேரத்துல யாரும் எடுக்கலன்னா அவன் தப்பா நெனைக்க மாட்டான். இங்க மழ வந்தா கரண்ட் போயிரும்னு அவனுக்குத் தெரியும்ல. இந்த ஊர்ல பொறந்தவன்தானே."

கையை எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மழை விட்டது. அம்மா ஸ்விட்சைப் போட்டாள். லைட்டுகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கடைசிப் பச்சை வரும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தாள். பிறகு உலை வைக்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். முதல் தூறல் ஓட்டில் விழுந்ததும் அம்மா எழுந்து போய் அணைப்பாள், விட்டதும் போடுவாள். அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது ஒரு தடவை அப்பா எழுந்து போய் அணைத்ததை நான் பார்த்தேன். வந்த அழைப்புகள் லிஸ்ட்டை யாரும் அமுக்குவதில்லை. நானும் டெஸ்ட் பண்ண அடிப்பதில்லை.

இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கும்போது மழை ஆரம்பித்துவிட்டது. ரௌட்டர் அணைந்தது. மொபைலில் ஒரே ஒரு கோடு சிக்னல். முன்பென்றால் "யம்மா, நெட்!" என்று வீடே அதிரக் கத்தியிருப்பேன்.