ஐம்பது கேள்விகளும் இரட்டை நட்சத்திரமும்

மன்னார்புரம் தாண்டி இருக்கும் ஒரு கல்லூரியில் நான் தமிழ் நடத்துகிறேன். வீடு ஸ்ரீரங்கத்தில். மாதத் தேர்வுகளை இனிமேல் கம்ப்யூட்டரில்தான் வைக்க வேண்டும் என்று எங்கள் கல்லூரி முடிவு செய்தபோது, மற்ற துறைக்காரர்களைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன். அறுபத்திரண்டு விடைத்தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு காவிரிப் பாலத்தில் பஸ்ஸில் நின்றபடி வருவது இனி இல்லை. ஐம்பது கேள்விகளைத் தட்டச்சு செய்து கொடுத்தால் போதும், திருத்துவதை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

கேள்விகளை எப்படி அடிக்க வேண்டும் என்று ஒரு பக்கத் தாள் கொடுத்தார்கள். கேள்வி எண், அதன் பின் ஒரு புள்ளி. நான்கு விடைகளுக்கும் ஆங்கிலத்தில் ஏ, பி, சி, டி. சரியான விடையின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே ஒரு வெற்று வரி. இவ்வளவுதானே என்று நினைத்தேன். என்னிடம் பத்து வருஷமாகச் சேர்த்து வைத்த கேள்விகள் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்தன. அவற்றிலிருந்து ஐம்பதை எடுத்து, அப்படியே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் லேபிலிருந்து போன். லேபைப் பார்த்துக்கொள்கிறவருக்கு என் வயதுதான் இருக்கும். பெரிய கடைவீதிப் பக்கத்துப் பெண். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். எந்தக் கோளாறையும் சிரித்துக்கொண்டே சொல்லுகிற ஆள்.

"மேடம், உங்க ஃபைல்ல தமிழே இல்லயே!"

"என்னங்க சொல்றீங்க? முழுக்கத் தமிழ்தான்."

"நான் படிக்கிறேன், கேளுங்க. ஜி, பி, டி, செமிகோலன், டி, யு... இது என்ன பாஷைங்க மேடம்?"

அது 'பின்வருவனவற்றுள்' என்ற சொல். நான் பழைய எழுத்துருவில் அடித்திருந்தேன். அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில்தான் அது தமிழ். இல்லாத இடத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை.

அவரே அதை மாற்றித் தருகிற வழி ஒன்று வைத்திருந்தார். ஒரு பெட்டியில் பழையதைப் போட்டால் அடுத்த பெட்டியில் புதிய தமிழ் வந்து விழுகிறது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த மெஷினுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. விடைகளுக்கு முன்னால் இருந்த ஏ, பி, சி, டியையும் தமிழ் என்றே நினைத்து மாற்றிவிட்டது. ஐம்பது கேள்விகளுக்கும் விடைகள் ய, டி, உ, ன என்று வரிசையாக நின்றன. தேர்வு மென்பொருள், 'விடைகளே இல்லை' என்று எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியது.

"யா அல்லாஹ்! இது நாம ரெண்டு பேரும் உக்காந்து செய்யற வேலைங்க மேடம்," என்றார் அவர்.

உட்கார்ந்தோம். சனிக்கிழமை முழுக்க லேபில் அவர் மாற்ற, நான் பிழை பார்த்தேன். மத்தியானம் அவர் கொண்டுவந்த நெய்ச்சோற்றையும் என் தயிர்சாதத்தையும் எதிரெதிராக வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். நட்சத்திரம் போடுகிற வேலை மட்டும் பாக்கி. அதை வீட்டில் முடித்துவிடுகிறேன் என்று எடுத்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. வைகுண்ட ஏகாதசி நேரம். அந்த நாட்களில் ஸ்ரீரங்கத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு எத்தனை உறவினர்கள் என்பது அவர்களுக்கே அப்போதுதான் தெரியும். சேவிக்க வந்தவர்கள், ஸ்கூட்டரை நிறுத்த வந்தவர்கள், ஒரு வாய் காப்பிக்கு வந்தவர்கள். இதற்கு நடுவே சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நட்சத்திரம் போட்டேன். அப்போது ஒரு சந்தேகம். விடைக்கு முன்னால் போட்டால் மெஷின் கவனிக்குமா? தமிழுக்கே இவ்வளவு தகராறு செய்த மெஷின் ஆயிற்றே. ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று ஒவ்வொரு சரியான விடைக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று போட்டு முடித்தேன்.

திங்கட்கிழமை ஐம்பதும் ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறிவிட்டன. மாதிரிக் காட்சியை இருவரும் பார்த்தோம். தமிழ் அழகாகத் தெரிந்தது. அதைத் தவிர வேறு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

புதன்கிழமை தேர்வு. ஒரு மணி நேரம் கொடுத்திருந்தோம். கால் மணி நேரத்தில் வகுப்பே முடித்துவிட்டது. வெளியே போன பெண்கள் எல்லோர் முகத்திலும் ஒரு தனிப் பிரகாசம். "மேடம், கொஸ்டின் பேப்பர் சூப்பர்!" என்று ஒருத்தி என் கையைக் குலுக்கினாள். ஒரே ஒரு பெண் மட்டும் கடைசி மணி வரை உட்கார்ந்திருந்தாள். தினமும் மணப்பாறையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், அதிகம் பேசாதவள்.

முடிவு உடனே வந்தது. அறுபத்தொரு பேருக்கு ஐம்பதுக்கு ஐம்பது. அந்தப் பெண்ணுக்கு மட்டும் நாற்பத்தொன்பது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிஷம் நான் பெருமைப்பட்டேன். தொகைநிலைத் தொடர்களை நான் நடத்திய நடத்து அப்படி என்று நினைத்துக்கொண்டேன். லேப் தோழியும், "மாஷா அல்லாஹ், எல்லாருமே ஃபுல் மார்க்கா!" என்றார். பாவம், அந்த ஒரு மதிப்பெண் எதில் போயிற்று என்று பார்க்கலாமே என அந்தப் பெண்ணின் விடைகளைத் திறந்தோம். அவர் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"மேடம்... விடைக்குப் பின்னாடி இந்த ஸ்டார் எதுக்குங்க?"

முன்னால் இருந்த நட்சத்திரத்தை மென்பொருள் முறைப்படி எடுத்துக்கொண்டு மறைத்துவிட்டது. பின்னால் நான் போட்ட நட்சத்திரம் விடையோடு ஒட்டிக்கொண்டு, ஐம்பது கேள்விகளிலும் பளிச்சென்று நின்றது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு என்னாலும் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் அந்தத் தவறான கேள்வியைப் படித்தேன். 'ஊறுகாய்' என்பது எவ்வகைத் தொகை? அவள் 'வினைத்தொகை' என்று போட்டிருந்தாள். சரியான விடை. நட்சத்திரம் நின்றது 'பண்புத்தொகை'யின் பக்கத்தில். ஏகாதசிக் கூட்டத்துக்கு நடுவே நான் போட்டது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, ஸ்டார் இருந்ததைப் பாத்தியா?"

"பாத்தேன் மேடம்." தலை குனிந்திருந்தது. "நாலாவது கேள்வியிலயே தெரிஞ்சிடுச்சு. ஆனா படிச்சிட்டு வந்திருந்தேன், அதனால படிச்சதைத்தான் போட்டேன்."

"ஊறுகாய்க்கு மட்டும் ஸ்டார் இல்லாததைப் போட்டிருக்கியே?"

நிமிர்ந்து பார்த்தாள். "ஸ்டார் இருந்தா பண்புத்தொகை ஆயிடுமா மேடம்?"

"எங்கிட்ட அப்பவே வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொல்லியிருந்தா மத்தவங்க என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாங்க மேடம்," என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்துவிட்டாள்.

துறைத்தலைவரிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஊறுகாயைப் பண்புத்தொகைன்னு அறுபத்தொரு பேர் ஒத்துக்கிட்டாங்களா? அதுதாங்க எனக்குக் கவலை," என்றார். மறுதேர்வு என்று முடிவாயிற்று.

வகுப்பில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஊறுகாயில் தப்பு செய்தது நான்தான் என்றதும் பெஞ்சுகள் அதிரச் சிரித்தார்கள். மறுதேர்வு என்றதும் அதே பெஞ்சுகளிலிருந்து ஒரு பெரிய முனகல். "மேடம், பாதி ஸ்டாராவது விட்டு வைங்க," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அந்தத் தேர்வில் யாருக்கும் ஐம்பது வரவில்லை. மணப்பாறைப் பெண்ணுக்கு நாற்பத்தாறு. அவளைவிட இரண்டு பேர் கூட வாங்கினார்கள், அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பன்னிரண்டு பேர் தோற்றார்கள். அவர்களை உட்கார வைத்து அந்தப் பாடத்தை மறுபடி நடத்தினேன்.

அதற்குப் பிறகு கேள்விகளை ஏற்றுவதில் சிக்கல் என்றால் எல்லோரும் என்னைத்தான் தேடி வருகிறார்கள். போன வாரம் வரலாற்றுத் துறைக்காரர் வந்தார். சரியான விடைகளையெல்லாம் அழகாகச் சிவப்பு நிறத்தில் அடித்து வைத்திருந்தார். மெஷினுக்கு நிறம் தெரியாது என்று நானும் லேப் தோழியும் மாறி மாறிச் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. ஏற்றிக் காட்டினோம். நொந்துபோய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பித்து, காலேஜ் பஸ் கிளம்புவதற்குள் அவருடைய ஐம்பதையும் ஏற்றி முடித்தோம்.