அப்பா எழுதிய செலிபேட் போர்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடியறையை வாடகைக்கு விட்டோம். தாலுகா ஆபீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றிருந்த அப்பாதான் போர்டு எழுதினார். பக்கத்து ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் படிக்கட்டும் என்று ஆங்கிலத்தில்: 'ரூம் ஃபார் ரெண்ட். செலிபேட்ஸ் ஒன்லி.'

தனியாள் மட்டும் என்பது அவர் எண்ணம். பேச்சிலர் என்றால் சீட்டாடுகிறவன், சிகரெட் பிடிக்கிறவன். அதோடு பெண்களுக்கு அந்தச் சொல் பொருந்தாது. அவருடைய பழைய அகராதியில் செலிபேட்டுக்கு 'மணமாகாதவர்' என்று ஒரே அர்த்தம்தான் இருந்தது. நான் அப்போது கீழ்பென்னாத்தூரில் ஆங்கில டீச்சர். போர்டைப் பார்த்துத் திடுக்கிட்டேன். ஆனால் காரணத்தை அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் இருந்து ஓர் ஆணும் பெண்ணும் வந்தார்கள். இருவருக்கும் நாற்பது வயதிருக்கும். அவர்களுடைய உச்சரிப்பு அப்பாவுக்குப் பிடிபடாததால் என்னைக் கூப்பிட்டார்.

"நாங்கள் கணவன் மனைவி. இருவருமே செலிபேட்தான், மூன்று வருடமாக" என்றார் அந்த மனிதர், பட்டப்படிப்பைச் சொல்வது போல.

நான் அதை அப்படியே சொன்னேன். அப்பா சிரித்துவிட்டார். "கல்யாணம் ஆனவன் எப்படிம்மா செலிபேட் ஆவான்? இங்கிலீஷ்காரனுக்கே இங்கிலீஷ் தெரியல."

"அதுக்கு இப்போ வேற அர்த்தம்ப்பா."

"இன்னா அர்த்தம்?"

"பிரம்மச்சாரின்னு..."

"அதைத்தானே நானும் எழுதியிருக்கேன்?"

தமிழும் என்னைக் கைவிட்டது. வந்தவர்கள் இருவரும் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் சமையலறை ஜன்னலில் இருந்து அம்மா குரல் கொடுத்தாள். "ஒரே வீட்ல இருந்தாலும் தனித்தனியா படுத்துக்கறாங்களாம். இதைச் சொல்ல இவ்ளோ நேரமா?"

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மேல ஒரு கட்டில்தாம்மா இருக்கு."

"பாய் ஒண்ணு குடுத்தா போச்சு" என்றாள் அம்மா.

அவர்கள் குடிவந்தார்கள். சத்தமே இல்லாத மனிதர்கள். கார்த்திகை தீபத்துக்கு உறவினர் கூட்டம் வந்தபோது அந்த அம்மாள் எங்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்.

ஐந்தாவது மாதம் ஒரு காலையில் இருவரும் கீழே வந்தார்கள். அப்பா பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஷேவ் செய்துகொண்டிருந்தார்.

"உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நாங்கள் இப்போது செலிபேட் இல்லை. காலி செய்யச் சொன்னால் செய்துவிடுகிறோம்" என்றார் அவர். அவர் மனைவி தரையைப் பார்த்தபடி நின்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கையைக் காட்டினார். "எனக்குப் புரியுது. நீ உள்ள போம்மா."

உள்ளே போனேன், காது வெளியேதான் இருந்தது. "நோ ப்ராப்ளம். மேரேஜ் இஸ் மேரேஜ்" என்று அப்பா தாசில்தார் முன்னால் பேசுவது போல அடக்கமாகச் சொல்வது கேட்டது. ரேஸரைக் கழுவும் சத்தம் ஜாஸ்தியாக வந்தது.

"எவ்ளோ நேர்மையான ஜனங்க" என்றேன் அம்மாவிடம்.

"நேர்மை கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவாயில்ல. உங்கப்பா இன்னிக்கு டிபன் சாப்பிட மாட்டார்."

சாப்பிட்டார். ஆனால் அன்று மாலையே போர்டைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார்.

வெயில் தொடங்கியதும் அவர்கள் ஊர் திரும்பினார்கள். அடுத்த வைகாசியில் எனக்குக் கல்யாணம். அவர்களுக்கென்று அப்பா பத்திரிகையைத் தானே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். நகலைப் பிறகுதான் பார்த்தேன். என் பெயரை அடுத்து 'ஸ்பின்ஸ்டர், வயது 26' என்றிருந்தது. அரசாங்கப் படிவங்களில் மணமாகாத பெண்ணுக்கு அவர் முப்பது வருடம் எழுதிய சொல்.

அந்த அம்மாளிடம் இருந்து பதில் வந்தது. எங்கள் ஊரில் அதைப் பூனை வளர்க்கும் கிழவிகளுக்குத்தான் சொல்வார்கள், உங்களைக் கிழவியாகக் கற்பனை செய்து இரண்டு நாள் சிரித்தோம் என்று எழுதியிருந்தார்.

"இன்னா எழுதியிருக்காங்க?" என்றார் அப்பா.

"இங்கிலீஷ் நல்லா இருந்ததாம்ப்பா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கடிதத்தைப் புடவை மடிப்புக்குள் வைத்துப் பெட்டியை மூடினேன்.