நாரையின் ரோஸ் தேடி வேடந்தாங்கலுக்கு

மூன்று வாரமாக எங்கள் வீட்டில் ஒரே ரகளை, ஒரு பறவையின் நிறத்துக்காக. மஞ்சள்மூக்கு நாரையின் ரோஸில் முகூர்த்தப் புடவை வேண்டுமாம், சென்னையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு. காஞ்சிபுரத்தில் என் வீட்டுக்காரர் தறி நெய்கிறார், நூலுக்குச் சாயம் போடுவது நான். தாமரை ரோஸ் என்றேன் நான், வெங்காய ரோஸ் என்றார் அவர். நான் இரண்டு முறை போட்டனுப்பிய மாதிரியும் திரும்பிவிட்டது. மூன்றாவதும் தப்பினால் ஆர்டர் வேறு கடைக்கு.

அவள் அனுப்பிய படத்தில் இருந்தது ஒரே ஒரு இறகு. நெட்டில் தேடலாமே என்பீர்கள். போனில் தெரியும் நிறத்தை நம்பி எவளாவது சாயம் போடுவாளா?

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, காலை ஐந்தரைக்கு, தாமரை ரோஸ் ஒன்றும் வெங்காய ரோஸ் ஒன்றுமாகச் சாயம் போட்ட இரண்டு நூல் சிட்டங்களோடு (நூல் கட்டுகளோடு) பைக்கில் கிளம்பினோம். உத்திரமேரூரில் டீ, வடை ஐம்பது ரூபாய். எங்கள் மீட்டரில் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். ஏழு மணிக்கு வேடந்தாங்கல் சரணாலயத்தில், பறவை பார்க்கும் கோபுரத்தின் மேல் நின்றோம், வாடகை பைனாகுலரோடு.

முதலில் அவர்தான் பார்த்தார்.

"இன்னாமா இது, பறவ முழுக்க வெள்ளையா இருக்குது! ரோஸு முந்தானையில மட்டும்தான்!"

"கண்ணத் தொடச்சிக்கினு பாருங்க!" என்று கத்தினேன்.

"மெதுவாப் பேசும்மா, குஞ்சு வெச்சிக்கினு இருக்குது" என்றார் பக்கத்தில் நின்ற சரணாலயக் காவலர். "பறவைக்கு ஏதுபா முந்தானை?"

பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளை உடம்பு, இறக்கையில் கறுப்புப் பட்டை, வால் பக்கம் மட்டும் ஒரு கை ரோஸ். அட கடவுளே! புடவை உடல் முழுக்க ரோஸ் என்று நினைத்தல்லவா மாதிரி அனுப்பியிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

கீழே இறங்கி, எட்டு மணிக்குக் கல்யாணப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "உடல் வெள்ளை, கரை கறுப்பு, முந்தானை ரோஸ், சரியாம்மா?"

"அதேதான்க்கா!" என்று அந்தப் பெண் கூவினாள். அதற்குள் அவள் அம்மா போனை வாங்கிவிட்டார். "முகூர்த்தத்துக்குக் கறுப்பா? வேணவே வேணாம், ஆர்டரே வேணாம்!"

நான் விடவில்லை. "கறுப்ப விடுங்கம்மா. பறவ மூக்கு மஞ்சளாத்தானே இருக்குது? கரைக்கு அந்த மஞ்சள்ல ஜரிகை போட்டுத் தரோம்."

"அப்ப நெய்ங்க" என்றார் அந்த அம்மா.

போகிறவர்களுக்கு: ஏழுக்குள் போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், சண்டையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். நிறம் பார்க்கப் போனால் முழுப் பறவையையும் பாருங்கள்.

எந்த ரோஸ் என்றுதானே கேட்கிறீர்கள்? அவரைக் கீழேயே விட்டு மறுபடி மேலே ஏறி, இரண்டு சிட்டத்தையும் வெயிலில் பிடித்துப் பறவையோடு ஒத்துப் பார்த்தேன். வெங்காயம்தான். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.